வெள்ளைப் புறா எதைத் தேடிப் பறந்தது?

சமாதானம் என்ற சொல்லைக் கேட்டதும் எம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது வெள்ளைப் புறாதான். பாடசாலைச் சுவரில், வாழ்த்து மடலில், கூட்ட மேடையின் பின்திரையில் என்று எங்கும் அதைக் கண்டிருக்கிறோம். விழாக்களில் பெரியவர்கள் கூண்டைத் திறந்து புறாக்களைப் பறக்கவிட, நாமும் கைதட்டியிருக்கிறோம். போரிலே வீட்டையும் உறவுகளையும் இழந்த பெண்களாகிய எமக்கு அந்தப் பறவையிடம் ஒரு கேள்வி கேட்க உரிமை உண்டு. உன்னைச் சமாதானத்தின் அடையாளம் ஆக்கியவர்கள் யார்? எதற்காக ஆக்கினார்கள்?

புறா சாந்தமான பறவை, அதனால்தான் என்று சொல்வார்கள். ஆனால் தானியத்துக்கும் கூட்டுக்கும் அவை எப்படிக் கொத்திச் சண்டை பிடிக்கும் என்பது புறா வளர்த்தவர்களுக்குத் தெரியும். யப்பானியர் மரபில் புறா, வீரர்கள் வணங்கிய ஹச்சிமன் என்ற போர்த் தெய்வத்தின் தூதுவன். இரண்டு உலகப் போர்களிலும் படைகளுக்குச் செய்தி சுமந்து பறந்தவையும் புறாக்களே. ஆகவே சமாதானம் அந்தப் பறவையின் குணத்தில் இல்லை. மனிதர்கள் அதன் மேல் ஏற்றிவைத்த கதைகளில்தான் இருக்கிறது.

இன்று நாம் காணும் புறாவைச் சுவரொட்டிகளில் உலகெங்கும் பரப்பியவர் ஸ்பானிய ஓவியர் பிக்காசோ. 1937 இல் குவெர்னிக்கா என்ற ஊர் விமானக் குண்டுவீச்சில் எரிந்தபோது, இறந்த குழந்தையை ஏந்திக் கதறும் தாயை வரைந்தவர் அவர். 12 வருடங்களின் பின், 1949 ஏப்ரலில் பாரிஸில் நடந்த சமாதான மாநாட்டின் சுவரொட்டிக்கு அவருடைய புறா தெரிவானது. அதே மாதம் பிறந்த தன் மகளுக்கு அவர் பலோமா என்று பெயரிட்டார். ஸ்பானிய மொழியில் அதன் பொருள் புறா.

இதற்கு மூலமான கதை மிகப் பழையது. வேதாகமத்தில் ஆதியாகமம் சொல்லும் நோவாவின் கதையை எம்மில் பலர் அறிவோம். பெருவெள்ளம் உலகை மூடியது. பேழைக்குள் இருந்த நோவா முதலில் ஒரு காகத்தை அனுப்பினார். பின்னர் ஒரு புறாவை விட்டார். எங்கும் தண்ணீர். கால் வைக்க இடம் இல்லாமல் அது திரும்பி வந்தது. நோவா கையை நீட்டி அதை உள்ளே எடுத்துக்கொண்டார். ஏழு நாட்களின் பின் மீண்டும் விட்டார். அன்று மாலை அது அலகில் ஓர் ஒலிவ இலையுடன் வந்தது. இன்னும் ஏழு நாட்கள் கழித்து விட்டபோது அது திரும்பி வரவேயில்லை. கில்கமேஷ் என்ற மெசப்பொத்தேமியக் காவியத்தில் வரும் வெள்ளக் கதையிலும் ஒரு புறா இடம் காணாமல் திரும்பி வருகிறது.

இந்தக் கதையைப் பெரும்பாலும் இலையோடு நிறுத்திவிடுகிறோம். படங்களிலும் இலையோடு வரும் புறாவைத்தான் வரைகிறார்கள். என் மனதில் பதிந்தவை முதலாவதும் மூன்றாவதும்தான். புறா தேடிப் போனது கால் ஊன்ற ஒரு துண்டு நிலம். அது கிடைத்தபின் பேழைக்குத் திரும்ப வேண்டிய தேவை அதற்கு இல்லாமற் போயிற்று.

இது எனக்குப் புரிந்ததற்குக் காரணம் என் அம்மா. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து நாங்கள் உடுத்த உடுப்போடு இடம்பெயர்ந்தோம். நலன்புரி முகாமில் ஒரு சிறு கொட்டிலில் வருடக்கணக்கில் வாழ்ந்தோம். எங்கள் காணி விடுவிக்கப்பட்டு, போய்ப் பார்க்கலாம் என்ற செய்தி 2015 இல் வந்தபோது நான் காய்ச்சலாகப் படுத்திருந்தேன். அம்மா பக்கத்துக் கொட்டில் அக்காவோடு போனா. பின்னேரம் திரும்பி வந்தவவின் கையில் ஒரு பிடி முருங்கை இலை இருந்தது. “கூரையும் இல்லை, கதவு நிலையும் இல்லை. கிணத்தடி முருங்கை மட்டும் நிக்குது பிள்ளை” என்றா. அந்த இலையைச் சுண்டி இரவுச் சோற்றோடு சாப்பிட்டோம். அடுத்த கிழமை திரும்பவும் போனா. கிணற்றை இறைத்து, தகரம் போட்டு, அடுப்பு மூட்டிய பிறகு அம்மா முகாமுக்கு வரவேயில்லை. நாங்கள்தான் அவவிடம் போனோம்.

ஆகவே சமாதானத்தின் முதல் அளவுகோல் நிலம். இதைக் கொரியாவின் கதையோடு வைத்துப் பார்க்கலாம். 1953 போர்நிறுத்தத்தின் பின் வடக்கையும் தெற்கையும் பிரிக்க ஏறத்தாழ 250 கிலோமீற்றர் நீளமும் 4 கிலோமீற்றர் அகலமும் கொண்ட வலயம் ஒன்று உருவானது. உச்சந்தலை சிவந்த பெரிய கொக்குகள் அந்த வலயத்தையும் அதை அண்டிய சோர்வொன் சமவெளியையும் நாடிக் குளிர்காலத்தில் வருகின்றன. நீண்ட ஆயுளுக்கு அடையாளமாகக் கொரியர்கள் போற்றும் பறவை அது. அங்கே அது நிம்மதியாக இறங்குவது ஏன்? கண்ணிவெடியும் முட்கம்பியும் மனிதரைத் தடுத்து வைத்திருப்பதால்தான். பறவைக்குக் கால் வைக்க இடம் இருக்கிறது, அந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு இல்லை. அந்தப் போரை முடிக்கும் சமாதான ஒப்பந்தம் இன்றுவரை கைச்சாத்தாகவில்லை. 1988 இல் தென்கொரியாவின் சியோல் நகரில் ஒலிம்பிக் விழாவுக்குப் பறக்கவிட்ட புறாக்களிற் சில தீபக் கொப்பரையில் அமர்ந்திருந்தபோது, தீ மூட்டப்பட்டுக் கருகின. விழா எடுப்பவர்கள் பறவையைப் பறக்கவிட்டால் மட்டும் போதாது. அது எங்கே இறங்கும் என்றும் பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்துப் பழங்கதையிலும் ஒரு புறா உண்டு. பருந்துக்குப் பயந்து சிபி மன்னனிடம் தஞ்சம் புகுந்த புறா அது. மகாபாரதம் இதைச் சொல்கிறது. சங்கப் பாடல்கள் சோழரை இந்த மன்னனின் வழிவந்தோர் என்று போற்றுகின்றன. புறாவுக்கு ஈடாகத் தன் தசையை அரிந்து தராசில் வைத்தான் மன்னன். எவ்வளவு வைத்தும் தட்டு இறங்காமல், கடைசியில் தானே ஏறி அமர்ந்தான். தஞ்சம் கேட்டு வந்த உயிரிடம் அவன் எதையும் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. அதிகாரம் உள்ள பக்கம் தன்னிடமிருந்து எடுத்து வைக்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. முஸ்லிம் சகோதரிகள் மரபிலும் நபிகள் நாயகம் தௌர் குகையில் மறைந்திருந்தபோது அதன் வாயிலில் சிலந்தி வலை பின்னியதாகவும், புறா கூடு கட்டியதாகவும் சொல்வார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட அந்தச் சகோதரிகளுக்கும், துரத்தப்பட்டவரைக் காத்த அந்தப் பறவையின் பொருள் நன்கு விளங்கும்.

யப்பானில் சமாதானப் பறவை கொக்கு. 1945 ஓகஸ்ட் 6 இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது சடாகோ சசாகிக்கு இரண்டு வயது. காயமின்றித் தப்பினாள். ஓட்டப் போட்டிகளில் ஓடும் பிள்ளையாக வளர்ந்தாள். 1955 இல் அவளுக்கு இரத்தப் புற்றுநோய் என்றார்கள். ஆயிரம் கொக்கு மடித்தால் விரும்பியது நடக்கும் என்ற நம்பிக்கையில், மருந்து சுற்றிவந்த கடதாசியிலும் கொக்கு மடித்தாள். அதே வருடம் ஒக்டோபரில், 12 வயதில் இறந்தாள். அவளோடு படித்த பிள்ளைகள் நாடெங்கும் பணம் சேர்க்க, 1958 இல் சிறுவர் நினைவுச் சின்னம் எழுந்தது. குண்டு விழுந்து பத்து வருடங்கள் கழித்தும் அந்தப் பிள்ளையின் உடம்பில் போர் ஓயவில்லை. உடம்பில் செல் துண்டைச் சுமந்துகொண்டு கிணற்றில் தண்ணீர் அள்ளும் எங்கள் பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ரோம் நகரின் நிலத்தடிக் கல்லறைகளில், ஆதிக் கிறிஸ்தவர்கள் இறந்தவர் அமைதியில் இளைப்பாறட்டும் என்று ஒலிவக் கிளையோடு புறாவைச் செதுக்கினார்கள். அதற்கும் ஒரு கல்லறை வேண்டும், அதில் எழுத ஒரு பெயர் வேண்டும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சித் தெருவோரத்தில் தொடர் போராட்டம் தொடங்கிய தாய்மார் கேட்டது, தங்கள் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்ற பதிலைத்தான். உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாதவரை அந்தத் தாய் எந்தக் கல்லில் புறாவைச் செதுக்குவாள்?

இந்தச் சின்னத்தை நாம் வெறுக்க வேண்டியதில்லை. வெள்ளத்தையும் குண்டையும் கண்டவர்களின் கதைகளிலிருந்து வந்த பறவை இது. அதனால் எங்களுக்கும் உரியது. அடுத்த முறை மேடையில் புறா பறக்கும்போது கைதட்டுவோம். கைதட்டிய பின் கேட்போம்: எங்கள் காணி எப்போது? காயப்பட்டவருக்கு மருத்துவம் எங்கே? காணாமல் போனவர் பற்றிய பதில் யாரிடம்?

பிள்ளைகள் புறாப் படம் கீறிக்கொண்டு வந்து காட்டினால், பாராட்டிவிட்டுப் பக்கத்தில் இருத்துங்கள். இலையோடு வந்த புறாவின் கதையை முழுதாகச் சொல்லுங்கள். தனக்கென்று ஓர் இடம் கிடைத்ததால் மூன்றாம் முறை திரும்பி வராமற் போனது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.