டுமாரோ ஃபீவர்



பேத்திக்கு ஆங்கிலப் பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். 'எஸ்டர்டே' என்ற சொல் வந்ததும் வாணியம்பாடி ஞாபகம் வந்துவிட்டது. வீட்டில்கூட இதைச் சொன்னதில்லை.

1986. ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆறாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் உருது பேசுகிறவர்கள். ஆங்கில வகுப்பில் ஆங்கிலம் மட்டும்தான் பேச வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டிருந்தேன். இளரத்தம், வேறென்ன சொல்ல!

ஐந்தாவது வரை உருது வழியில் படித்துவிட்டு வந்த ஒரு பையன் வீட்டுப்பாடம் எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன். எழுந்து நின்று, "டுமாரோ ஃபீவர் சார்" என்றான்.

"நாளைக்கு வரப்போற காய்ச்சல் இன்னிக்கே தெரிஞ்சிடுச்சா? நீ என்ன ஜோசியரா?" என்றேன். வகுப்பே சிரித்தது. மணி அடிக்கும்வரை நிற்க வைத்தேன்.

மத்தியானம் உருது ஆசிரியரிடம் இதை வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அவன் எங்க தெருப் பையன் சார். நேத்து பூரா காய்ச்சல்ல படுத்திருந்தான். எங்க பாஷையில நேத்தும் 'கல்'தான், நாளைக்கும் 'கல்'தான்" என்றார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவரே விளக்கினார். 'வோ கல் ஆயா' என்றால் அவன் நேற்று வந்தான். 'வோ கல் ஆயேகா' என்றால் நாளை வருவான். காலத்தைச் சொல்வது வினைச்சொல்லின் வால்தான். 'பர்ஸோ(ங்)' என்ற சொல்லும் அப்படியே. முந்தாநாளும் அதுதான், நாளை மறுநாளும் அதுதான். வீட்டில் யாருக்கும் குழப்பமே வராது. ஆனால் இந்தப் பையன் சொன்னதில் வினைச்சொல்லே இல்லை. தெரிந்த ஆங்கிலம் அவ்வளவுதான். 'கல்' என்பதற்கு இரண்டு ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன. அவன் வாயில் மற்றது வந்துவிட்டது.

அதன்பிறகு அந்த இரண்டு சொற்களையும் நான் தனியாக எழுதிப்போட்டதே இல்லை. 'ஐ கேம் எஸ்டர்டே', 'ஐ வில் கம் டுமாரோ' என்று வினையோடு சேர்த்துத்தான் எழுதுவேன். "முதல்ல உருதுல சொல்லு. ஆயாவா, ஆயேகாவா?" என்று கேட்பேன். 'ஆயா' என்றால் எஸ்டர்டே, 'ஆயேகா' என்றால் டுமாரோ. ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள். ஆங்கிலம் மட்டும் என்ற சட்டமும் அதோடு போயிற்று. முந்தாநாள் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்கு ஆங்கிலக்காரருக்கு நாலு சொல் வேண்டும் என்றதும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரே குஷி. உருதுப் பிள்ளைகள், "எங்களுக்கும் ஒண்ணுதான் சார்" என்று சண்டைக்கு வந்தார்கள்!

அந்தப் பையன் மட்டும் அந்த வருஷம் முழுக்க என் வகுப்பில் தானாக வாய் திறக்கவில்லை. பரீட்சையில் நன்றாகத்தான் எழுதினான். தப்பு என்னுடையது என்று அவனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வாத்தியார் என்ற வீம்பு விடவில்லை. அடுத்த வருஷம் எனக்கு மாற்றல் வந்துவிட்டது.

அந்த வகுப்பில் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், சன்னலோரம் நாலாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒல்லிப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். அவன் பெயரை இங்கே போட வேண்டாம். நம்பர் கிடைத்தால் நானே பேசிக்கொள்கிறேன்.