அம்மாவின் கல்யாண ஆல்பமும் 6 வாட் பிராசஸரும்!

2024 டிசம்பர் 1, காலை. விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். முந்தைய இரவுதான் புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்திருந்தது. மயிலத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 51 சென்டிமீட்டர் மழை. அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் மேலே ஏற்றிய அம்மா, பீரோவின் கீழ்த்தட்டை மறந்துவிட்டார். கல்யாண ஆல்பமும், 15 வருடப் போட்டோக்கள் இருந்த ஹார்டு டிஸ்க்கும் அங்கேதான் இருந்தன.

ஹார்டு டிஸ்க் அதன் பிறகு சத்தமே போடவில்லை. ஆல்பத்தைக் காயவைத்துப் பிரித்தால், அம்மாவின் அப்பா, அதாவது என் தாத்தாவின் முகம், எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டது.

மீதியைக் காப்பாற்றியது திண்டிவனம் அத்தை. கல்யாணத்தின்போது அவருக்கென்று பிரின்ட் போட்டுக் கொடுத்த 22 போட்டோக்கள், அவர் வீட்டு மாடியில் தகரப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. மழை அங்கேயும்தான் கொட்டியது. மாடி என்பதால் தப்பித்தன.

'இனி எல்லாவற்றையும் ஆன்லைனில் ஏற்றிவிடலாம்' என்றேன். இலவச 15 ஜிபி எப்போதோ நிறைந்துவிட்டது. மேற்கொண்டு வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டும் என்றதும் அம்மா, "நம்ம போட்டோவ நாம பாக்க மாசா மாசம் வாடகையா?" என்றார். அதனால், வீட்டிலேயே ஒரு ஸ்டோரேஜ் சர்வர் அமைப்பது என்று முடிவானது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனபோது என் லிஸ்ட்டில் முதலில் இருந்தது ஆறு கோர் பிராசஸர். கடைக்கார அண்ணன் லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "படம் எடிட் பண்ணப்போறியாம்மா, போட்டோ வெக்கப்போறியா?"

அதன் பிறகுதான் கணக்குப் போட்டேன். வீட்டு ரவுட்டர் வழியாக நொடிக்கு 110 எம்பி அளவில்தான் ஃபைல்கள் போகும். அதற்குச் சாதாரண பிராசஸரே தாராளம். பார்க்க வேண்டியவை வேறு: 24 மணி நேரமும் ஓடினால் எவ்வளவு கரன்ட்? போர்டில் எத்தனை சாட்டா போர்ட்?

அத்தை வீட்டில் சும்மா கிடந்த பழைய ஐ5 கம்ப்யூட்டரை மீட்டர் வைத்து அளந்தேன். வேலை எதுவும் செய்யாதபோதே 45 வாட். இரண்டு மாதத்துக்கு 65 யூனிட்! அப்போது வீட்டுக்குக் கிடைத்த இலவச 100 யூனிட்டில் பாதிக்கு மேல் அதுவே விழுங்கிவிடும்.

கடைசியில் வாங்கியது இன்டெல் என்100 போர்டு. நான்கு கோர், 6 வாட் சிப். இரண்டு ஹார்டு டிஸ்க்கோடு சேர்த்து 20 வாட் சுற்றி, அதாவது இரண்டு மாதத்துக்கு 29 யூனிட். குறைகளும் உண்டு. பிராசஸர் போர்டோடு ஒட்டியே வரும், பின்னால் மாற்ற முடியாது. பிழை திருத்தும் ஈசிசி ரேம் போட முடியாது. சில என்100 போர்டுகளில் ஒரே ஒரு சாட்டா போர்ட்தான் இருக்கும். இரண்டு இருப்பதாகத் தேடி வாங்கினேன். எங்கள் வீட்டுக்கு இரண்டு போதும்.

இரண்டு டிஸ்க்கும் மிரர் முறையில் ஓடுகின்றன. ஒன்று பழுதானால் இன்னொன்று காப்பாற்றும். ஆனால் தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழியும். வெள்ளம் வந்தால் இரண்டும் சேர்ந்தே மூழ்கும். அதனால்தான் மூன்று பிரதி வேண்டும், அதில் ஒன்றாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்கிறார்கள். அத்தையின் தகரப் பெட்டி எந்தக் கோர்ஸும் படிக்காமலேயே இதைச் செய்திருந்தது.

அந்தப் பழைய ஐ5 இப்போது அதே மாடியில். வாரத்தில் ஒரே நாள், மூன்று மணி நேரம் மட்டும் ஓடுகிறது. அந்த நேரத்துக்கு 45 வாட் ஒன்றும் பெரிதில்லை. எப்போதும் ஓடுகிற மிஷினுக்குச் சிக்கன போர்டு வேண்டும். எப்போதாவது ஓடுவதற்குப் பழையதே போதும். விழுப்புரத்து சர்வரையும் இந்த முறை பரண் உயரத்தில், சின்ன யுபிஎஸ்ஸோடு வைத்திருக்கிறோம்.

ஞாயிறு காலை அத்தையிடமிருந்து போன் வரும். "மிஷினைப் போட்டுட்டேன், இன்னா அனுப்பணுமோ அனுப்பு!" அதன் பிறகு அம்மாவும் அத்தையும் அரை மணி நேரம் பேசுவார்கள்.

சர்வரில் முதலில் ஏற்றியது அந்த 22 போட்டோக்களைத்தான். அத்தை, அப்பாவின் அக்கா. அவருக்குக் கொடுத்ததெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் போட்டோக்கள். ஒன்றில்கூட தாத்தா இல்லை. 'தாத்தா' என்று அம்மா கேட்டு உருவாக்கிய ஃபோல்டரில் இப்போதைக்கு இருப்பது, அவருடைய பழைய வாக்காளர் அட்டையின் ஸ்கேன் மட்டும்தான். சொந்தக்காரர் வீட்டுக்கு எங்கே போனாலும், "பழைய ஆல்பம் இருக்கா?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

உங்கள் வீட்டு பீரோவின் கீழ்த்தட்டில் என்ன இருக்கிறது? மழைக்காலத்துக்கு முன்பே ஒருமுறை பார்த்துவிடுங்கள்!