கைதிகள் தைத்த போர்வை

1841 ஏப்ரலில் ‘ராஜா’ என்ற கப்பல் 180 பெண் கைதிகளை ஏற்றிக்கொண்டு லண்டனையடுத்த ஊல்விச்சிலிருந்து புறப்பட்டது. மூன்றரை மாதங்கழித்து, இன்று டாஸ்மானியா எனப்படும் தீவின் ஹோபார்ட் துறையை அடைந்தது. பிரிட்டனிலிருந்து இவ்வாறு ஆஸ்திரேலியாவுக்குக் கடத்தப்பட்ட பெண்கள் ஏறத்தாழ 25,000 பேர். ஒரு சால்வை, சில கஜம் துணி, எசமானி வீட்டுக் கரண்டி. பெரும்பாலோர் மீதிருந்த குற்றம் இத்தகைய சில்லறைக் களவுதான். தண்டனை பலருக்கு ஏழாண்டு என்றே எழுதப்பட்டது. ஆனால் அது முடிந்தபின் ஊர் திரும்பக் கப்பற்கூலி கொடுப்பாரில்லை. ஏழாண்டு என்பது ஆயுட்காலமாயிற்று.

பஞ்சம் வந்த ஆண்டில் திருட்டுக்குரிய தண்டனையை ஹஸரத் உமர் (ரலி) நிறுத்திவைத்த செய்தியை நாம் இளமையிலேயே கேட்டிருக்கிறோம். ஏன் திருடினாள் என்ற கேள்வி அங்கே தீர்ப்புக்கு முன் நின்றது. லண்டன் ஓல்டு பெய்லி மன்றத்திலோ பல வழக்குகள் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

எலிசபெத் ஃபிரை அம்மையாரின் மாதர் சங்கம் கைதிகளுக்கு ஊசியும் நூலும் துணித்துண்டுகளும் கொடுத்தனுப்பி வந்தது. துணி திருடியவர் கையிலேயே துணியைக் கொடுத்த அந்த நம்பிக்கையை நான் பெரிதாக மதிக்கிறேன். ‘ராஜா’வில் அவர்கள் 2,815 துண்டுகளை இணைத்து ஒரு போர்வை செய்தனர். அது இப்போது கான்பரா தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதன் ஓரத்தில் மாதர் சங்கத்துக்கு நன்றி கூறும் வாசகம் பூவேலையாகத் தைக்கப்பட்டிருக்கிறது; தைத்தவர் ஒருவரின் பெயரும் அதில் இல்லை. தேர்ந்த தையலும் அதில் உண்டு, பழகாத கையின் கோணல் தையலும் உண்டு. ஊசி குத்திய விரல்களின் இரத்தம் ஆங்காங்கே சிறு புள்ளியாய்க் கறைபட்டிருக்கிறது.