முப்பது ஆண்டுகள் பிந்திய ஒரு திருத்தம்

1994 ஆம் ஆண்டு. பத்திரிகைத் தொழிலுக்கு வந்து இரண்டாண்டுகள்கூட நிறையாத காலம். ஞாயிறு இதழின் பக்கமொன்றில் விளம்பரம் ஒன்று இறுதி நேரத்தில் கைவிடப்பட, நான்கு அங்குல இடம் வெறுமையாக நின்றது. "தம்பி, ஏதாவது ஒரு துணுக்கு எழுதிப் போடும்" என்றார் மூத்த உதவி ஆசிரியர். மேசையில் கிடந்த பழைய பொது அறிவு நூலொன்றைப் புரட்டி, பத்து நிமிடத்தில் "பூமியின் வயிறு" என்று தலைப்பிட்டு எழுதிக் கொடுத்தேன். நாம் நடமாடும் மெல்லிய ஓட்டுக்குக் கீழே, மையம் வரைக்கும் கொதித்துக்கொண்டிருப்பது தீக்குழம்பே என்பது அதன் சாரம். நான் கலைப் பட்டதாரி. க.பொ.த. சாதாரண தரத்தோடு விஞ்ஞானத்துக்கு விடை கொடுத்தவன். ஒப்புநோக்குநரும் எழுத்துப்பிழையை மட்டுமே பார்த்தார்.

மூன்று வாரங்களின் பின்னர் கிழக்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கல்முனைக்குத் தெற்கே கரையோரக் கிராமமொன்றில் வாழ்ந்த ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர், அப்பியாசக் கொப்பித் தாளின் இரு பக்கமும் நிறைய எழுதியிருந்தார். தபால் ஒழுங்காகப் போய்வராத யுத்த காலம். அந்த நாளில் ஒரு மனிதர் பூமியின் மையத்தைப் பற்றிய பிழைக்காக முத்திரை வாங்கி ஒட்டியிருக்கிறார் என்பது அப்போது எனக்குச் சிறிது வேடிக்கையாகவே பட்டது.

துணுக்கில் இரண்டு தவறுகள் என்று அவர் எழுதியிருந்தார். ஓட்டுக்குக் கீழே உள்ள மென்மூடி குழம்பு அல்ல, பாறை. நடு மையத்திலும் குழம்பு இல்லை, இறுகிய உருண்டை ஒன்று இருக்கிறது. "அந்த உருண்டையைக் கண்டறிந்தவர் ஒரு பெண்மணி. சென்ற ஆண்டுதான் 104 வயதில் காலமானார். உங்கள் பத்திரிகையில் அச்செய்தியைக் காணவில்லை" என்றும் குறிப்பிட்டிருந்தார். கடைசியில் இப்படி ஒரு வசனம்: "தூர தேசத்தில் நிலம் அதிர்ந்தால் அதன் அலை எங்கள் காலடியாலும் கடந்து போகும். நாங்கள் அறியமாட்டோம், கருவி அறியும்."

ஒரு துணுக்குக்குத் திருத்தம் போடுவதா என்ற அலட்சியம். இறந்தோர் தொகையே அன்றாடம் திருத்தப்பட்டுக்கொண்டிருந்த ஆசிரியபீடத்தில் பூமியின் மையத்துக்கு யார் இடம் ஒதுக்குவார் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் கற்பித்துக்கொண்டேன். கடிதம் மேசை இழுப்பறைக்குள் போயிற்று.

2004 டிசம்பர் 26 அன்று காலை, இலங்கை நேரப்படி ஏழு மணிக்குச் சற்று முன்னர், சுமாத்திராவுக்கு அப்பால் 9.1 அளவில் கடலடி நிலம் பிளந்தது. கண்டிக்கு அருகே பல்லேகலையில், உலக நிலநடுக்கப் பதிவு வலைப்பின்னலைச் சேர்ந்த நிலையம் ஒன்று 2000 ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவருகிறது. சில நிமிடங்களுக்குள் அங்கிருந்த கருவி ஆடத் தொடங்கியது. நிலம் மேலும் கீழுமாக ஒன்பது சென்ரிமீற்றர் அளவுக்கு அசைந்ததைப் பின்னர் வெளியான ஆய்வுகள் காட்டின. ஒரு சாண் அகலத்தில் ஏறத்தாழ அரைப் பங்கு! அலையின் நீளம் மிகப் பெரிது, அசைவு மிக மெதுவானது. ஆகவே எம்மில் பெரும்பாலானோருக்கு அது தெரியவில்லை. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின்னர் கடல் வந்தது. கருவி அறிந்ததை மனிதருக்குச் சொல்லும் எச்சரிக்கை ஏற்பாடு எதுவும் அன்று இந்து சமுத்திரத்தில் இருக்கவில்லை. இந்தத் தீவில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

ஆசிரியரின் அந்தக் கடைசி வசனம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 2005 இன் தொடக்கத்தில் செய்தி சேகரிக்கக் கல்முனைப் பக்கம் போனபோது விசாரித்தேன். அவர் 1998 இலேயே காலமாகியிருந்தார். வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் எஞ்சியிருந்தது. கொழும்பு திரும்பியதும் கடிதத்தைத் தேடி எடுத்து, அவர் சொன்ன பெண்மணியைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். அந்த வாசிப்பு இன்றுவரை விட்டபாடில்லை.

பூமியின் உள்ளே போய்ப் பார்த்தவர் எவருமில்லை. மேற்பரப்பிலிருந்து மையத்துக்கு 6,371 கிலோமீற்றர். சோவியத் நாட்டவர் கோலா குடாநாட்டில் இருபது ஆண்டுக்கு அண்மித்த காலம் துளையிட்டு 1989 இல் எட்டிய ஆழம் 12,262 மீற்றர். பூமியை ஒரு செவ்விளநீராகக் கொண்டால் அதன் மேல்தோல்கூடக் கிழியவில்லை. ஆக, அறிந்ததெல்லாம் வெளியே நின்று ஊகித்ததுதான். 1798 இல் கவென்டிஷ் பூமியின் அடர்த்தி நீரினதைப்போல ஏறத்தாழ ஐந்தரை மடங்கு என்று கணித்தார். மேலே கிடக்கும் பாறையோ மூன்று மடங்கைக்கூட எட்டாது. எனவே உள்ளே மிகப் பாரமான ஏதோ இருக்கவேண்டும். என்ன அது, எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு நூறாண்டுகளாக விடை இல்லை.

விடை நிலநடுக்கங்களிலிருந்து வந்தது. இந்தியப் புவியியல் அளவைத் துறையில் பணியாற்றிய றிச்சர்ட் டிக்சன் ஓல்டம், 1897 ஜூன் 12 இல் அசாமைக் குலுக்கிய பெரும் நடுக்கத்தின் பதிவுகளை ஆராய்ந்து, அதிர்வு மூன்று வகை அலைகளாகப் பயணிப்பதை இனங்கண்டார். முதலில் வருவது நெருக்கி விரியும் அலை. அடுத்தது பக்கவாட்டில் குலுங்கும் அலை. மூன்றாவது நிலத்தின் மேற்பரப்பைத் தழுவி ஓடுவது. முதலாவது எதனூடும் செல்லும். இரண்டாவது திண்மத்தினூடு மட்டுமே செல்லும், திரவத்துக்குள் மாண்டுவிடும். ஓட்டுக்குக் கீழே மென்மூடியினூடாக இந்த இரண்டாம் அலை தாராளமாகப் போய்வருகிறது. என் துணுக்கின் பாதி இங்கேயே பொய்த்துவிட்டது.

1906 இல் ஓல்டம், பூமியின் மறுபுறத்தில் அலைகள் பிந்தி வருவதைக் கண்டு, நடுவில் அவற்றைத் தாமதப்படுத்தும் வேறொரு பொருள் உண்டு என்றார். என் பள்ளி நாள்களில் அதனை அகணி என்று படித்தோம். தமிழகத்து நூல்கள் கருவம் என்கின்றன. அதன் எல்லை ஏறத்தாழ 2,900 கிலோமீற்றர் ஆழத்தில் என்று குட்டன்பேர்க் கணித்தார். அது திரவம் என்று 1926 இல் ஜெவ்ரிஸ் நிறுவினார். கதை முடிந்தது என்றே பலரும் எண்ணினர். நான் புரட்டிய பழைய நூலும் இந்த இடத்தில்தான் நின்றுவிட்டிருக்கவேண்டும்.

இங்கெ லேமன் 1888 இல் கொப்பன்ஹேகனில் பிறந்தவர். நீல்ஸ் போரின் தாயின் சகோதரி நடத்திய பள்ளியில் படித்தார். ஆண் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் ஒரே தட்டில் வைத்து நடத்திய பள்ளி அது. கணிதம் கற்கக் கேம்பிரிட்ஜ் சென்று, களைத்து, படிப்பை இடைநிறுத்தி வீடு திரும்பினார். சில ஆண்டுகள் காப்புறுதிக் கணக்குகள் பார்த்தார். பட்டத்தை முடிக்கும்போது வயது 32. நிலநடுக்கமானிகளோடு வேலை தொடங்கியபோது 37. பிந்தி வந்தவர் என்பதாலோ என்னவோ, இவர் மீது எனக்குத் தனிப் பிரியம்.

1929 ஜூன் 17 இல் நியூசிலாந்தின் மேர்ச்சிசன் பகுதி அதிர்ந்தது. ஐரோப்பாவுக்கும் சைபீரியாவுக்கும் அது உலகின் மறுபுறம். திரவ அகணி அலைகளை வளைத்துவிடுவதால், நடுக்க மையத்திலிருந்து ஏறத்தாழ 104 பாகைக்கும் 142 பாகைக்கும் இடைப்பட்ட வளையத்தில் முதல்வகை அலைகள் எட்டக்கூடாது. அதற்கு நிழல் வலயம் என்று பெயர். ஆனால் அந்த நிழலுக்குள்ளும் மெல்லிய கோடுகள் பதிவாகியிருந்தன. ஸ்வெர்ட்லோவ்ஸ்க், இர்க்குற்ஸ்க் நிலையங்களின் தாள்களில் அவை தெளிவாகவே தெரிந்தன. அகணியின் விளிம்பில் சிதறி வந்த அலைகளாக இருக்கும் என்று மற்றவர்கள் ஒதுக்கிவிட்டனர். லேமன் ஒதுக்கவில்லை.

கணினி இல்லாத காலம். ஒவ்வொரு நிலநடுக்கத்தின் விபரத்தையும், அலைகள் வந்தடைந்த நேரங்களையும் அட்டைகளில் எழுதி, வெற்று ஓட்ஸ் பெட்டிகளில் அடுக்கி, வீட்டுத் தோட்டத்தில் மேசை போட்டு அமர்ந்து அவர் ஆராய்ந்ததை உறவினர் ஒருவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். எங்கள் அலுவலகத்தில் செய்தி நறுக்குகளைப் பிஸ்கற் பெட்டிகளில் சேர்த்துவைத்த பழைய நூலகரை நினைத்துக்கொள்கிறேன்.

பூமியை மிக எளிய உருவாக அவர் எடுத்துக்கொண்டார். மென்மூடியில் அலையின் வேகம் விநாடிக்கு 10 கிலோமீற்றர், அகணியில் 8. நடுவில் அலையின் வேகம் மீண்டும் கூடும் சிறிய உருண்டை ஒன்று இருப்பதாகக் கொண்டால், நிழலுக்குள் விழுந்த அந்தக் கோடுகள் வரவேண்டிய நேரத்தில் வருகின்றன. 1936 இல் வெளியான கட்டுரையின் தலைப்பு ஒரே ஓர் எழுத்தும் ஒரு சிறு கோடும்தான், முதல்வகை அலை அகணியினூடு வருவதைக் குறிக்கும் குறியீடு. துணுக்குக்கே "பூமியின் வயிறு" என்று பெயரிட்ட எனக்கு இதில் வெட்கம் உண்டு.

ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த உருண்டை திண்மம் என்று லேமன் அக்கட்டுரையில் சாதிக்கவில்லை. தரவு எதுவரை போகிறதோ அதுவரை மட்டுமே சென்றார். திண்மமாக இருக்கலாம் என்ற வாதம் 1940 களில் எழுந்தது. 1964 இல் அலாஸ்காவைக் குலுக்கிய பெரும் நடுக்கத்தின்போது பூமி முழுவதும் மணியைப்போல அதிர்ந்ததை ஆராய்ந்து, சீவொன்ஸ்கியும் கில்பேர்ட்டும் 1971 இல் அதற்கு உறுதியான சான்று தந்தனர். அப்போது லேமனுக்கு 83 வயது. 2023 இலும் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள், பூமியின் விட்டத்தின் வழியே ஐந்து தடவை வரை முன்னும் பின்னும் எதிரொலித்த அலைகளைக் கொண்டு, அந்த உருண்டைக்குள்ளும் இன்னோர் உருண்டை இருப்பதாகக் காட்டினர்.

நான் துணுக்கு எழுதிய பத்திரிகையில் இன்று எனக்கு இடமில்லை. ஆகவே இங்கே.

திருத்தம்: 1994 ஆம் ஆண்டு ஞாயிறு இதழில் "பூமியின் வயிறு" என்ற தலைப்பில் வெளியான துணுக்கில், புவியோட்டின் கீழே மையம் வரை இருப்பது தீக்குழம்பு எனக் குறிப்பிட்டது தவறு. மென்மூடி திண்மப் பாறையாகும். 2,900 கிலோமீற்றர் ஆழத்திலிருந்து 5,150 கிலோமீற்றர் வரையான வெளி அகணியே திரவம். அதற்கும் உள்ளே, ஏறத்தாழ 1,220 கிலோமீற்றர் ஆரையுடைய திண்ம உருண்டை உள்ளது. அதனைக் கண்டறிந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த இங்கெ லேமன். தவறைச் சுட்டிக்காட்டியவர் கல்முனைப் பகுதி வாசகர் ஒருவர்.