கூர்மத்துக்குச் செய்யும் உபகாரம்

பொதட்டூர்பேட்டையை அடுத்த ஆந்திர எல்லைப் புதர்க்காடு போன்ற வறண்ட நிலமே நட்சத்திர ஆமைக்கு உகந்தது. மழைக்காலத்தில் அது மிகுதியாக உலவும். வழியில் காணும் அன்பர்கள் கூர்மாவதாரத்தை நினைந்து கைகூப்பி, ‘தண்ணீரின்றித் தவிக்கிறதே’ என இரங்கித் திருக்குளத்தில் விட்டுவிடுகின்றனர். இதுவோ நிலத்தாமை. கனத்த ஓடும் தூண் போன்ற கால்களும் உடையதால் நீந்தவும் இயலாது, படித்துறையில் ஏறவும் இயலாது, மூழ்கிவிடும். விட்டவரோ புண்ணியம் செய்த நிறைவோடு வீடு சேர்ந்திருப்பார். ஆமை புகுந்த வீடு ஆகாதென்று அஞ்சி ஒதுங்குவோரால்கூட இத்தனை தீங்கு நேர்வதில்லை! ஆந்திரத்து ஸ்ரீகூர்மம் திருத்தலத்துக்குக் காணிக்கையாகக் கொணர்வோரும் உளர். தனித்து மேய்ந்து திரியும் உயிருக்கு அடைப்பிடம் சுகமன்று. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி பிடித்து வளர்ப்பதும் குற்றமே. சாலையில் கண்டால், அது செல்லும் திசையிலேயே ஓரப் புதரில் விட்டால் போதும். காயம் இருப்பின் வனத்துறைக்குச் சொல்லலாம்.