சிறைவாயிலில் நாம் கற்ற பாடம்

‘சிறை’ என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள் ஒன்றன்று. காவலில் வைக்கும் இடம் என்பது யாவரும் அறிந்தது. நீரைத் தடுத்து நிறுத்தும் கரைக்கும் சிறை என்று பெயருண்டு. பறவையின் இறகையும் பழந்தமிழர் சிறை என்றே வழங்கினர். ஒரு சொல் பல பொருள் உணர்த்துவதற்கு எடுத்துக்காட்டாக ஆண்டுதோறும் வகுப்பில் இதனைச் சொல்லி வந்த நாம், அச்சொல்லின் கனத்தை உணர்ந்தது நம் குடும்பத்தில் ஒருவர் சிறை புகுந்த பின்னரேயாகும். அதனை இம்மலரில் எழுதலாமா என்று நெடுநாள் தயங்கினோம். எழுதாமல் விடுவதும் ஒருவகை மறைப்பே என்று தோன்றியதால் எழுதுகின்றோம்.

நம் சாச்சாவின் குடும்பம் சதுரங்கப்பட்டினத்தைச் சேர்ந்தது. டச்சுக்காரர் கட்டிய பழைய கோட்டைக்கும் கடலுக்கும் அருகிலே வீடு. அவருடைய ஒரே மகன், நமக்குத் தம்பி, மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக்கூடத்தில் கல்வேலை செய்துவந்தான். 2013ஆம் ஆண்டு ஒருநாள் மாலை கடற்கரையில் தொடங்கிய வாய்ச்சண்டை கைகலப்பாயிற்று. அவன் பிடித்துத் தள்ளிய இளைஞர் பாறையில் தலைமோதி விழுந்தார்; மறுநாள் உயிர் நீத்தார். கொல்லும் எண்ணம் அவனுக்கு இல்லை என்பது உண்மை. ஓர் உயிர் போயிற்று என்பது அதனினும் பெரிய உண்மை. 2016இல் அவனுக்கு ஏழாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. தீர்ப்பைக் குறைகூற நமக்கு எதுவுமில்லை. குறை நம்மிடத்தில்தான் இருந்தது.

கைதான தொடக்கத்தில் அவனைச் செங்கல்பட்டுச் சிறையில் வைத்திருந்தார்கள். நாமும் அப்போது செங்கல்பட்டில்தான் குடியிருந்தோம். வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனால் நாம் ஒருநாளும் போகவில்லை. கல்லூரி ஆசிரியர் சிறைவாயிலில் நிற்பதை மாணவர் எவரேனும் கண்டால் என்னாவது என்ற அச்சமே காரணம். தம்பி எங்கே என்று கேட்டவர்களுக்கு, வளைகுடா நாட்டில் வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொன்னோம். நம் சமூகத்தில் எவரும் ஐயமின்றி நம்பக்கூடிய பொய் அது.

சாச்சியோ திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் வருவார். மகனைப் பார்த்துவிட்டு நம் வீட்டுக்கு வந்து தேநீர் அருந்துவார். அவன் எப்படி இருக்கிறான் என்று நாம் கேட்கமாட்டோம், அவரும் சொல்லமாட்டார். பிணையில் வந்து, வழக்கு முடிந்து, தண்டனையுடன் அவன் புழல் மத்திய சிறைக்குச் சென்ற பிறகுதான் ஒருநாள் அவர் வாய் திறந்தார். “தம்பி, அவன் செஞ்சது தப்புன்னு எனக்குத் தெரியாதா? நான் அந்தத் தப்பைப் பார்க்கப் போகலை. என் புள்ளையைப் பார்க்கப் போறேன். வெளிநாட்டுல இருக்கான்னு நீங்க சொல்லச் சொல்ல, இருக்கிற புள்ளையும் இல்லாமப் போறான்.” அவர் கடிந்து சொல்லவில்லை. கடிந்திருந்தால் நம் மனம் அத்துணை வருந்தியிராது.

அடுத்த வாரமே அவருடன் புறப்பட்டோம். செங்கல்பட்டுச் சந்திப்பில் விடியற்காலை ரயிலேறி, சென்னையில் இறங்கிப் பேருந்து பிடித்துப் புழல் சேர்ந்தோம். சிறையில் உள்ளவரைக் காண்பதை அங்கு வருவோர் ‘மனுப் பார்ப்பது’ என்கின்றனர். யார் வருகின்றார், யாரைக் காண, என்ன உறவு என்று எழுதி, அடையாள அட்டையின் நகலோடு கொடுக்க வேண்டும். கைக்குழந்தையோடு வந்த இளம்பெண்கள், கோலூன்றி வந்த முதியவர்கள், பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி என எத்தனையோ பேர் காத்திருந்தனர். எழுதத் தெரியாத பெரியவர் ஒருவர் நம் சட்டைப்பையில் பேனாவைக் கண்டு, “சார், இதைக் கொஞ்சம் எழுதிக் குடுங்க” என்றார். அவருக்கு எழுதியதும் இன்னும் மூவர் வந்தனர். உறவு என்ற இடத்தில் தந்தை, தாய், மனைவி, தங்கை என்று எழுத எழுத நம் கை தளர்ந்தது. ஆய்வேட்டுக்காக எத்தனையோ பக்கம் எழுதியுள்ளோம். அன்று எழுதிய நான்கு தாள்களே நம் கல்வி பயன்பட்ட இடம் என்று இன்றும் கருதுகின்றோம்.

தடுப்புக்கு அப்பால் தம்பி வந்து நின்றான். இருபுறமும் பலர் ஒரே நேரத்தில் பேசியதால் உரக்கப் பேச வேண்டியிருந்தது. வழியெல்லாம் நாம் சேர்த்து வைத்திருந்த அறிவுரைகள் எவையும் நாவில் வரவில்லை. அவன் வீட்டுக் கிணற்றுநீர் உப்பாகிவிட்டதா என்று கேட்டான். அத்தாவின் இருமலைப் பற்றிக் கேட்டான். நேரம் முடியும் தறுவாயில், “அண்ணே, நீங்க வருவீங்கன்னு நான் நினைக்கவே இல்லை” என்றான். மூன்றாண்டு காலம் அவன் அவ்வாறு நினைத்திருக்கிறான் என்பதே நமக்குக் கிடைத்த தண்டனை.

திரும்பும் வழியில் சாச்சி சொன்ன சொல்லை நாம் மறக்கவில்லை. “எனக்காவது மனுப் போட்டுப் பார்க்க ஒரு புள்ளை இருக்கான். அந்தத் தாய் யாருக்கு மனுப் போடுவா?” இறந்தவரின் தாயை நினைத்தே அவ்வாறு சொன்னார். ஒருமுறை அவ்வீட்டின் தெருமுனைவரை சென்று, மேலே நடக்கத் துணியாமல் திரும்பிவிட்டாராம். அவர் ஒவ்வொரு தொழுகையிலும் இரண்டு பிள்ளைகளுக்காகத் துஆ கேட்டார் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

நம் இலக்கியம் இத்துயரை அறியாததன்று. மணிமேகலையில் ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை’ என்றே ஒரு காதை உண்டு. அமுதசுரபி ஏந்திய மணிமேகலை புகார் நகரத்துச் சிறைக்குள் சென்று பசித்திருந்தோர்க்கு உணவளிக்கின்றாள். மகிழ்ந்த மன்னனிடம் அச்சிறையையே அறச்சாலையாக்க வேண்டுகின்றாள். பலமுறை நடத்திய பாடம்தான். அவள் தன் உறவினர் எவரையும் காண அங்கே செல்லவில்லை என்பது அன்றுவரை நம் சிந்தையில் படவில்லை. திருமறையும் உணவளிக்கத் தக்கோராக ஏழை, அநாதையோடு சிறைப்பட்டவரையும் சேர்த்தே சொல்கின்றது.

சட்டமும் இதனை ஏற்றுள்ளது. சுனில் பத்ரா வழக்கில் 1979 டிசம்பரில் வழங்கிய தீர்ப்பில், உற்றார் வந்து காண்பது சிறைவாசிக்குப் பெரும் ஆறுதல் என்பதை நீதியரசர் கிருஷ்ணய்யர் வலியுறுத்தினார். 2015இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்று, நெல்சன் மண்டேலாவின் பெயரைச் சூட்டிய விதிகளிலும் குடும்பத்தாரோடு தொடர்பு கொள்ளும் உரிமை இடம்பெற்றுள்ளது. அந்த மண்டேலாவுக்கே ராபன் தீவுச் சிறையில் தொடக்கத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு சந்திப்பும் ஒரு கடிதமுமே கிடைத்தன.

நம் நாட்டில் அற்புதம்மாளை அறியாதார் இல்லை. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்ரீபெரும்புதூரில் 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தியும் உடனிருந்தோர் பலரும் கொல்லப்பட்ட வழக்கில், அதே ஆண்டு ஜூன் 11 அன்று அவருடைய மகன் பேரறிவாளன் பத்தொன்பது வயதில் கைதானார். 2022 மே 18 அன்று உச்சநீதிமன்றம் விடுவிக்கும்வரை, ஏறத்தாழ முப்பத்தோராண்டுகள் அத்தாய் சிறைவாயிலுக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்தார். அவ்வழக்கின் நியாயங்களையோ, அதில் உயிரிழந்தோர் இல்லங்களின் துயரையோ அளந்து பேசுவது நம் நோக்கமன்று. ஒரு தாயின் கால்கள் அத்தனை ஆண்டு நடக்கும் என்பதை மட்டும் சொல்கின்றோம்.

2018இல் சாச்சா வஃபாத்தானார். தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி அவசர விடுப்பில், காவலர் துணையோடு தம்பி வந்தான். ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்தான். கபுருஸ்தான் வாசலில் காவலர்கள் ஒதுங்கி நின்றனர். அவர்களில் மூத்தவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அன்றோடு நம் வளைகுடாப் பொய்யும் அடக்கமாயிற்று. ஊரார் எவரும் நம்மை இகழவில்லை. அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. 2020இல் கொரோனாவால் சந்திப்புகள் நின்றபோது, கைப்பேசித் திரையில் மகன் முகத்தைக் கண்ட சாச்சி அதனை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

2021இல் அவன் விடுதலையானான். பழைய சிற்பக்கூடத்து ஸ்தபதி ஐயா, வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் கேளாமல், “உளியெல்லாம் எடுத்து வச்சிருக்கேன், வா” என்றார். மாமல்லபுரத்து ஐந்து ரதங்களுள் முற்றுப்பெறாதவை உண்டு. வேலை நின்றுபோனதற்காக அவற்றை எவரும் கல் என்று ஒதுக்கிவிடவில்லை.

மாணவச் செல்வங்களே, உங்கள் வகுப்பில் தந்தையோ அண்ணனோ சிறையில் இருக்கும் தோழர் இருக்கக்கூடும். அவரைப் பற்றிக் கிசுகிசுக்காதீர்கள். அவர் அருகில் அமருங்கள். ஜமாஅத்துப் பெரியோர்களே, அத்தகைய வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிக்கட்டணத்தையும் திருமண அழைப்பையும் மறந்துவிடாதீர்கள். உயிரிழந்தவர் வீட்டையும் மறவாதீர்கள். தண்டனையை நீதிமன்றம் அளந்து தருகின்றது. நம் வெட்கத்தால் நாம் கூட்டும் தண்டனைக்கு அளவில்லை. மூன்றாண்டு போகாமல் இருந்த ஒருவர் சொல்வதாகக் கொண்டு, அறிந்தவர் எவரேனும் உள்ளே இருந்தால், ஒருமுறை மனுப் போட்டுப் பார்த்து வாருங்கள்.