ஸ்கேன் அறிக்கைக்குப் பின் வரும் நாட்கள்

அறிக்கை கைக்கு வந்த நாள்

கர்ப்பப்பை ஸ்கேன் அறிக்கையின் அடியில் "எண்டோமெட்ரியம் தடித்துள்ளது", "பல்கி யூட்ரஸ்", "பாலிப் இருக்கலாம்", "ஃபைப்ராய்டு" என்று ஏதாவது ஒரு வரி இருந்தால், இன்னும் சில பரிசோதனைகள் தேவை என்று பொருள். நோய் இன்னதென்று அந்த வரி முடிவு கட்டுவதில்லை. 1958இல் கிளாஸ்கோவின் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்டும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒலியலையால் வயிற்றுக் கட்டிகளைப் படம்பிடித்து லான்செட் இதழில் வெளியிட்டார்கள். கருவிகள் எவ்வளவோ மேம்பட்டுவிட்ட பிறகும் அடிப்படை அதேதான்: ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குவது. வடிவமும் தடிமனும் அதில் தெரியும். உயிரணுக்கள் இயல்பானவையா, புற்றுநோயாக மாறியவையா என்பது தெரியாது.

அறிக்கையில் உள்ள மில்லிமீட்டர் கணக்கைப் படிக்கும் முன் மூன்று விவரங்கள் வேண்டும். பெண்ணின் வயது என்ன, மாதவிலக்கு நின்றுவிட்டதா, இயல்புக்கு மாறான இரத்தப்போக்கு உண்டா. விலக்கு வந்துகொண்டிருக்கும் பெண்ணுக்கு எண்டோமெட்ரியம் எனப்படும் கர்ப்பப்பையின் உள்படலம் மாதந்தோறும் வளர்ந்து உதிர்கிறது. விலக்கு நாட்களில் 2 முதல் 4 மி.மீ. வரை இருக்கும் அந்தப் படலம், அடுத்த விலக்குக்கு முந்தைய நாட்களில் 16 மி.மீ. வரை தடிப்பது இயல்பு. ஆகவே 24ஆம் நாளில் எடுத்த ஸ்கேனில் 14 மி.மீ. என்று வந்தால் அதற்காக மட்டும் யாரும் கலங்க வேண்டியதில்லை. கடைசி விலக்குத் தேதி எழுதாத அறிக்கை பாதி அறிக்கைதான்.

விலக்கு நின்று ஓராண்டு கடந்தவருக்குக் கணக்கு வேறு. இரத்தப்போக்கு இருந்து, பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் உள்வழி ஸ்கேனில் படலம் 4 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்தால், உள்படலப் புற்றுநோய் இருக்க 100இல் ஒரு பங்கு வாய்ப்புகூட இல்லை. 4 மி.மீ.யைத் தாண்டினால் சதைப் பரிசோதனை (பயாப்ஸி) தேவை. படலம் மெல்லியதாக இருந்தும் இரத்தம் திரும்பத் திரும்பப் பட்டால் அளவை நம்பி உட்காரக் கூடாது. முரட்டு வகைப் புற்றுநோய்களில் சில, மெலிந்த படலத்திலும் தோன்றுகின்றன.

இரத்தப்போக்கே இல்லாமல், வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தடிப்பு தெரிந்தால் 4 மி.மீ. என்ற எல்லை பொருந்தாது. 11 மி.மீ.க்கு மேல் போனால்தான் பல மருத்துவர்கள் திசு மாதிரி எடுக்கச் சொல்கிறார்கள். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு உடல் பருமன், சர்க்கரை நோய், குடும்பத்தில் குடல் அல்லது கர்ப்பப்பைப் புற்றுநோய் போன்றவற்றைப் பார்த்து முடிவு செய்வார்கள். மார்பகப் புற்றுநோய்க்காகத் தமாக்சிஃபென் சாப்பிடுபவர்களுக்கு ஸ்கேனில் படலம் தடித்தே தெரியும். இரத்தம் படாதவரை அந்தத் தடிப்புக்காக மட்டும் அவர்களைப் பரிசோதனைக்கு அலைக்கழிப்பதில் பயனில்லை.

விலக்கு நின்றபின் இரத்தம் படும் பெண்களில் ஏறக்குறைய 10க்கு 9 பேருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. ஆனால் உள்படலப் புற்றுநோய் கண்ட, விலக்கு நின்ற பெண்களில் 10க்கு 9 பேருக்கு அது இரத்தப்போக்காகவே வெளிப்பட்டிருக்கிறது. பயத்தில் மூழ்காமலும் அலட்சியம் செய்யாமலும் இருக்க இந்த இரண்டு கணக்குகளையும் சேர்த்தே மனத்தில் வைக்க வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கும் நாள்

பிள்ளை பெறும் வயதில் உள்ளவருக்கு முதலில் கர்ப்பப் பரிசோதனை. இதைச் செய்யாமல் உள்ளே எந்தக் கருவியும் செலுத்தக் கூடாது. பிறகு ஹீமோகுளோபின், தேவையானால் தைராய்டு. பூப்பெய்திய காலம் முதலே அதிகப் போக்கு உள்ளவருக்கு இரத்தம் உறையும் தன்மை குறித்த சோதனை.

வயிற்றின் மேல் வைத்து எடுத்த ஸ்கேன் மட்டும் கையில் இருந்தால் உள்வழி ஸ்கேன் கேட்பார்கள். அதற்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டியதில்லை, காலியாக இருப்பதே நல்லது. திருமணமாகாத பெண்களுக்கு அதைத் தவிர்த்து, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுப்பது வழக்கம். ஃபைப்ராய்டுகள் (கர்ப்பப்பைத் தசைக் கட்டிகள்) பல இருந்து அறுவைக்குத் திட்டமிடும்போதும், கர்ப்பப்பைச் சுவருக்குள் படலத் திசு ஊடுருவும் அடினோமயோசிஸ் என்ற ஐயம் எழும்போதும் எம்.ஆர்.ஐ. உதவும். எல்லாருக்கும் அது தேவையில்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். பாப் ஸ்மியரும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்யும் வி.ஐ.ஏ. பரிசோதனையும் கர்ப்பப்பை வாய்க்கானவை. அவை நன்றாக இருப்பதால் கர்ப்பப்பையின் உட்புறமும் நன்றாக இருக்கிறது என்று ஆகாது.

விலக்கு முடிந்த வாரம்

படலம் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தடித்திருக்கிறதா, ஒரு மூலையில் பாலிப் என்ற சதை வளர்ச்சி தொங்குகிறதா என்று சாதாரண ஸ்கேனில் பிரித்துச் சொல்வது கடினம். அதற்கு உப்புநீர் ஸ்கேன் உண்டு. மெல்லிய குழாய் வழியாகக் கர்ப்பப்பைக்குள் சில மி.லி. உப்புநீரைச் செலுத்தி, அதே நேரத்தில் உள்வழி ஸ்கேன் எடுப்பார்கள். ஒட்டியிருந்த சுவர்கள் விலகி, நடுவில் நீர் நிற்க, பாலிப்பும் உட்புற ஃபைப்ராய்டும் தனித்துத் தெரியும். விலக்கு முடிந்தபின், சுழற்சியின் 10ஆம் நாளுக்குள் செய்வது வழக்கம். அப்போது படலம் மெலிந்திருக்கும், கரு தங்கியிருக்கும் வாய்ப்பும் குறைவு. இடுப்புக்குழியில் கிருமித்தொற்று இருக்கும்போது இதைச் செய்யலாகாது.

மாதிரி எடுக்கும் நாள்

எல்லாப் பரிசோதனைகளிலும் முடிவான பதில் சதைப் பரிசோதனையில்தான் கிடைக்கிறது. 45 வயதும் அதற்கு மேலும் ஆனவருக்கு ஒழுங்கற்ற இரத்தப்போக்கு இருந்தால் இதைத் தொடக்கத்திலேயே செய்வது நியதி. வயது அதற்குக் கீழே இருந்தாலும் பருமன், பி.சி.ஓ.எஸ்., மருந்துக்கு அடங்காத போக்கு ஆகியவை இருந்தால் காத்திருக்க வேண்டாம். முட்டை வெளிப்படாத மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் மட்டும் தனியாக நின்று படலத்தை வளர்த்துக்கொண்டே போகும், அதைக் கட்டுப்படுத்தும் புரொஜெஸ்டிரான் சுரக்காது என்பதே காரணம்.

திசு மாதிரி எடுப்பதற்காக 1980களில் பிரான்சின் எட்டியன் கோர்னியர் அறிமுகப்படுத்திய பிபெல், சுமார் 3 மி.மீ. தடிமன் உள்ள பிளாஸ்டிக் குழாய். கர்ப்பப்பை வாய் வழியாக அதைச் செலுத்தி, உள்ளிருக்கும் தண்டைப் பின்னால் இழுத்தால் உறிஞ்சும் விசையில் திசு ஏறிவிடும். மயக்க மருந்து வேண்டியதில்லை, சில நிமிடங்களில் முடியும். ஆனால் வலியே இருக்காது என்று சொல்லி அழைத்துப் போவது நியாயமில்லை. விலக்குக்கால வலியைவிடக் கடுமையான பிடிப்பு சில நொடிகள் வரும், சிலருக்குத் தலை சுற்றும். ஒரு மணி நேரம் முன்பே வலிநிவாரணி கொடுப்பதும், நிறுத்தச் சொன்னால் நிறுத்துவோம் என்று முன்கூட்டியே சொல்வதும் மருத்துவரின் கடமை.

விலக்கு நின்ற பெண்களின் புற்றுநோயில் 100க்கு 99ஐ இந்தச் சிறு குழாய் பிடித்துவிடும். பாலிப்பில் அது தடுமாறும். நோய் உட்பரப்பின் சிறு பகுதியில் மட்டும் இருந்தால் குழாய் அதைத் தொடாமலே வந்துவிடலாம். அதனால் புற்றுநோய் என்று வந்த முடிவை நம்பலாம், ஒன்றும் இல்லை என்று வந்து போக்கும் நிற்காவிட்டால் விசாரணை முடிந்ததாகக் கொள்ளக் கூடாது.

குழந்தையின்மைக்காக மாதிரி எடுக்கும்போது நம் நாட்டில் காசநோயையும் நினைக்க வேண்டும். விலக்குக்குச் சற்று முந்தைய நாட்களில் எடுத்த திசுவில் ஒரு பகுதியை ஃபார்மலினிலும் இன்னொரு பகுதியை வெறும் உப்புநீரிலும் அனுப்புவார்கள். முழுவதையும் ஃபார்மலினில் போட்டால் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு ஒன்றும் மிஞ்சாது. சின்ன விஷயம்தான், ஆனால் அன்று தவறவிட்டால் மறுபடியும் மாதிரி எடுக்க வேண்டிவரும்.

மக்கள் "சுத்தம் பண்றது" என்று சொல்லும் டி அண்ட் சி நெடுங்காலமாக இந்த வேலையைச் செய்துவந்தது. மயக்கம் கொடுத்து, உள்ளே எதையும் பார்க்காமல் சுரண்டி எடுக்கும் முறை அது. அப்படிச் சுரண்டிய கர்ப்பப்பைகளை உடனே அகற்றி ஆராய்ந்தபோது, பெரும்பாலானவற்றில் உட்பரப்பின் பாதிகூடச் சுரண்டப்படவில்லை என்று 1970களிலேயே தெரிந்துவிட்டது. கேமரா வைத்துப் பார்க்கும் ஹிஸ்டெரோஸ்கோப்பி கிடைக்கும் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு சுரண்டுவதற்கு இனி நியாயம் இல்லை. 1869இல் பான்டலியோனி என்ற மருத்துவர் விலக்கு நின்றபின் இரத்தம் போன 60 வயதுப் பெண்ணின் கர்ப்பப்பைக்குள் குழாய்க் கருவியால் பார்த்து, பாலிப் ஒன்றைக் கண்டு, சில்வர் நைட்ரேட்டால் சுட்டார். ஹிஸ்டெரோஸ்கோப்பியின் முதல் பதிவு அது. இன்று மெல்லிய கருவிகளால் மயக்கமின்றியே பார்க்கிறார்கள். பாலிப்பை அப்போதே வேரோடு எடுத்து ஆய்வுக்கு அனுப்பவும் முடிகிறது. கருவி கர்ப்பப்பையைத் துளைத்துவிடுவது அரிதாக நேரும் ஆபத்து. ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்கும் முன் அதைச் சொல்லியாக வேண்டும்.

காத்திருக்கும் வாரம்

இரண்டொரு நாள் இலேசாக இரத்தம் படுவது சாதாரணம். காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, அடங்காத வயிற்றுவலி, மணிக்கு ஒரு நாப்கின் நனையும் போக்கு ஆகியவற்றில் எது வந்தாலும் மறுநாளுக்குத் தள்ளாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆய்வகத்தில் திசு மெழுகுக் கட்டியாகிச் சீவப்பட்டு, சாயமேற்றிப் பார்க்கப்படச் சில நாட்கள் ஆகும். அந்த மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கி இன்னொரு நோயியல் மருத்துவரிடம் காட்டலாம்.

முடிவு வந்த நாள்

"ப்ரொலிஃபரேட்டிவ்", "செக்ரீட்டரி" என்றிருந்தால் படலம் மாதச் சுழற்சியில் இயல்பாக இருக்கிறது. "மாதிரி போதவில்லை" என்று வந்தால், மெலிந்த படலத்தில் அது எதிர்பார்த்ததே. தடித்த படலத்தில் அப்படி வந்தால் மறுபடி பார்த்தாக வேண்டும்.

"ஹைப்பர்பிளேசியா" என்ற சொல்லைக் கண்டதும் பலர் புற்றுநோய் என்று நினைத்துவிடுகிறார்கள். உலக சுகாதார அமைப்பின் 2014ஆம் ஆண்டு வகைப்பாடு அதை இரண்டாகப் பிரிக்கிறது. உயிரணு மாற்றம் இல்லாத வகை 20 ஆண்டுகளில் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு 100க்கு 5க்கும் குறைவு. அதற்குப் புரொஜெஸ்டிரான் மருந்து போதும். கர்ப்பப்பைக்குள் வைக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் சாதனம் மாத்திரையைவிட நன்றாக வேலை செய்கிறது. "அடிபியா" (உயிரணு மாற்றம்) என்று எழுதியிருந்தால் விஷயம் கனமானது. கர்ப்பப்பைக்குள் அப்போதே புற்றுநோய் ஒளிந்திருக்கும் வாய்ப்பு கணிசமாக இருப்பதால், பிள்ளைப்பேறு முடிந்தவருக்குக் கர்ப்பப்பையை அகற்றுவதே பரிந்துரை. குழந்தை வேண்டுபவருக்கு நெருங்கிய கண்காணிப்பில் ஹார்மோன் சிகிச்சை உண்டு. புற்றுநோய் உறுதியானால் அந்தத் துறையின் அறுவை நிபுணரிடம் போக வேண்டும். பெரும்பாலும் கர்ப்பப்பையைத் தாண்டுமுன்பே பிடிபடும் நோய் இது.

ஃபைப்ராய்டு தொல்லை தராவிட்டால் சிகிச்சை எதுவும் வேண்டியதில்லை. விலக்கு நின்றபின் அது பெரும்பாலும் சுருங்கிவிடும். "பல்கி யூட்ரஸ்" என்பது கர்ப்பப்பை சற்றே பெரிதாக இருக்கிறது என்பது மட்டுமே, குழந்தை பெற்ற பெண்களுக்கு அப்படி இருப்பது சகஜம். இந்த இரண்டு வரிகளைக் காட்டி, "விட்டால் கேன்சர் ஆகிவிடும்" என்று பயமுறுத்திக் கர்ப்பப்பையை எடுக்கச் சொல்வது தவறான வைத்தியம். தேவையில்லாத கர்ப்பப்பை அகற்றல்கள் பற்றிய பொதுநல வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. பிகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களின் ஏழைப் பெண்களுக்கு நேர்ந்ததை வைத்து வந்த வழக்கு அது. கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் இளவயதில் எடுத்துவிட்டால் எலும்பும் இதயமும் அதன் விலையைப் பல ஆண்டுகள் கொடுக்கின்றன.

ஆறாம் மாதம்

உயிரணு மாற்றமில்லாத ஹைப்பர்பிளேசியாவுக்கு மருந்து எடுத்தவர்கள் ஆறு மாத இடைவெளியில் மறுபடி மாதிரி கொடுக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறை இயல்பு என்று வந்தால்தான் பின்தொடர்வதை நிறுத்துவார்கள். இரத்தம் நின்றுவிட்டது என்று இந்தச் சோதனையைக் கைவிடுபவர்களே அதிகம். ஆனால் போக்கு நிற்பதும் படலம் குணமாவதும் எப்போதும் ஒன்றாக நடப்பதில்லை. அமைதியாக இருக்கும் ஃபைப்ராய்டுக்கு ஓராண்டுக்குள் ஒரு ஸ்கேன் போதுமானது.

முதல் ஸ்கேன் தாள், ஆய்வக முடிவு, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே உறையில் வைத்து ஒவ்வொரு முறையும் எடுத்துச் செல்லுங்கள். விலக்கு நின்றுபோன அம்மாவோ அத்தையோ துணியில் இரத்தக் கறை பட்டதாகச் சொன்னால், பழைய அறிக்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.